கடவுள் சீட்டுக் கம்பெனி அல்ல



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இங்கே உளுந்தூர்பேட்டையில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறான்.

"சார், வீட்டு வேலை பாதியில நிக்குது. ஆண்டவருக்கு விதைச்சா நூறு மடங்கா வரும்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. வீட்டுக்காரியோட மூணு பவுன் செயினை அடகு வச்சி காணிக்கை போட்டுடலாமான்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், அதே கணக்கை நானும் போட்டவன்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு நல்ல தொகையை ஆலயத்துக்குக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். மகனுக்கு அரசு வேலை கிடைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் நான் பேரம் பேசியது யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கோயில் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு காலை என் துணைவியார் கேட்டார்: "சாமி என்ன சீட்டுக் கம்பெனியா, கட்டின பணம் வரலன்னு கோவிச்சிக்க?"

அந்த நாட்களில்தான் சுவார்ட்ஸ் ஐயரின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜெர்மனியில் பிறந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1779இல் சென்னை அரசாங்கம் அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதை அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் பணமாக ஆக்கினார்.

அடுத்து போர் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே ஊர்களில் நெல் இருந்தும், பணம் தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாததால் யாரும் கொண்டுவரவில்லை. ராஜாவின் வாக்கும் செல்லவில்லை, கம்பெனியின் வாக்கும் செல்லவில்லை. ஐயர் வாக்குக் கொடுத்தார். மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கொண்டுவந்தவர்களுக்குத் தம் கையாலேயே பணம் கொடுத்தார்.

பணத்துக்கு ஆசைப்படாத மனிதர் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் சொல்லை நம்பினார்கள். பணத்தை அவர் வெறுக்கவில்லை. பிள்ளைகளுக்கும் பசித்தவர்களுக்கும் அதை வேலை வாங்கினார். நானோ ஆண்டவரையே வேலை வாங்கப் பார்த்தேன்!

இதையெல்லாம் மாணவனிடம் சொன்னேன். "செயினை அடகு வைக்காதே தம்பி. அது உன் மனைவியின் நகை, வட்டி கட்டப்போவது உன் பிள்ளைகள்" என்றேன்.

"அப்ப காணிக்கையே வேணாமா சார்?" என்றான்.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தினமும் உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். மழை பொய்த்த வருடத்திலும் போட்டார். பதிலுக்கு இன்னது வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதற்கு அரிசி இருந்ததற்கு அது நன்றி, அவ்வளவுதான்.

என் மகன் இன்றும் தனியார் கம்பெனியில்தான் இருக்கிறான். மாணவனின் வீடும் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. செயின் மட்டும் அந்தப் பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. நேற்று கடைத்தெருவில் பார்த்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்