ஒரு மகிழுந்துக் கணக்கு



மூன்று வாரங்களாக நான் எதுவும் எழுதவில்லை. சோம்பல் காரணமன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னைச் சுமந்த சிறு மகிழுந்து, கடந்த மாதம் ஒரு பிற்பகலில், கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகாவுக்கு அருகே, கொட்டும் மழையில் நின்றுவிட்டது. காப்பாருக்கு அருகிலுள்ள பள்ளியிலிருந்து சுபாங் ஜெயாவிலுள்ள வீட்டிற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் திருத்த வேண்டிய நாற்பது பயிற்சிப் புத்தகங்கள். சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, கணவரை அழைத்துவிட்டுக் காத்திருந்தேன். துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒவ்வொரு லாரிக்கும் என் வண்டி ஒருமுறை நடுங்கியது. நானும் நடுங்கினேன் என்பதை மறைப்பானேன்?

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, கியர்பெட்டியை மாற்றும் செலவு வண்டியின் மதிப்பைவிடக் கூடுதல் என்று கூறிவிட்டார். ஆக, வேறு மகிழுந்து வாங்கியே ஆக வேண்டும்.

எங்கள்முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புதிய பெரோடுவா ஆக்சியா. 998 சிசி, மூன்று உருளைகள். இன்னொன்று, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் விற்க முன்வந்த ஜப்பானிய மகிழுந்து. பதினோர் ஆண்டுப் பழைமை, ஆனால் கீறல் இல்லாத உடம்பு, 2494 சிசி, தோல் இருக்கைகள். இரண்டுக்கும் விலை ஏறத்தாழ ஒன்றே. அதுதான் சிக்கல். பெரியதன் விலை இருமடங்காக இருந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

நேர்மையாகச் சொல்கிறேன், என் மனம் பெரியதன் பக்கமே சாய்ந்தது. ஆசிரியை என்றால் சிக்கனமாகத்தான் இருப்பார் என்று பலர் எண்ணுகின்றனர். எனக்கோ இயந்திர ஒலி மீது சிறு வயதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு. அதற்குக் காரணம் என் அப்பா. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து பத்து தீகா பந்தயத் தடம் வெகு தொலைவில் இல்லை. 1968-இல் திறக்கப்பட்ட அத்தடத்தில், 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று நடைபெற்றது. நுழைவுச் சீட்டு வாங்க எங்களுக்கு ஏது பணம்? அப்பா என்னைத் தம் பழைய ஹோண்டா கப்பின் பின்னால் அமர்த்திக்கொண்டு, வேலிக்கு வெளியே ஒரு மேட்டில் நிறுத்துவார். அங்கிருந்து எதையும் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். “இது வளைவுக்கு முன்னால கியர் குறைக்கிறான், கேளு” என்பார். அந்தத் தடம் 2003-இல் இடிக்கப்பட்டு, அவ்விடம் குடியிருப்பாயிற்று. என் வண்டி நின்றுபோன இடத்திலிருந்து அது அருகில்தான். மழையில் காத்திருந்தபோது அப்பாவின் நினைவு வந்ததில் வியப்பில்லை.

நிற்க.

என் முதல் மகிழுந்து கஞ்சில். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் பழையதாக வாங்கியது. 1994-இல் பெரோடுவா வெளியிட்ட முதல் மகிழுந்து அது, 660 சிசிதான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் தந்திரத்தால் வெல்லும் சருகுமானின் பெயரை அதற்கு வைத்தவர் யாரோ, நல்ல இரசனையாளர். பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் அது அடக்கமாக ஓரத்தில் நிற்கும். ஆசிரியரை அவர் ஓட்டும் வண்டியைக் கொண்டு எடைபோடும் பெற்றோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். (இதைப் படிக்கும் பெற்றோர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர்களாகிய நாங்களும் உங்கள் வண்டிகளைப் பார்க்கத்தான் செய்கிறோம்.)

2008 சூன் 4 இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக உயரும் என்ற அறிவிப்பு மாலையில் வந்தது. எல்லோரையும் போல நானும் எண்ணெய் நிலையத்திற்கு ஓடினேன். வரிசை சாலைவரை நீண்டிருந்தது. ஒன்றரை மணிநேரம் காத்திருந்து இருபது லிட்டர் ஊற்றினேன். மிச்சம், 15 வெள்ளி 60 காசு. காத்திருந்த நேரத்தில் ஒரு வகுப்பின் கட்டுரைகளைத் திருத்தி முடித்தேன் என்பதுதான் உண்மையான இலாபம்!

அரசாங்கம் அவ்வாண்டு, 2000 சிசிக்கு மேற்படாத தனியார் மகிழுந்துகளுக்கு 625 வெள்ளி உதவித்தொகை அளித்தது. அஞ்சல் நிலையத்தில் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டேன். கஞ்சிலுக்கும் 625, அமைச்சர்கள் பயன்படுத்திய புரோட்டோன் பெர்டானா வி6 வகையை ஒருவர் சொந்தமாக வைத்திருந்தால் அவருக்கும் 625. பெர்டானாவின் இயந்திரம் 1998 சிசி, கோட்டுக்குச் சற்று உள்ளே! அடுத்த மாதமே திரங்கானு மாநில அரசு, பெர்டானாக்களின் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கூறி மெர்சிடிஸ் மகிழுந்துகளை வாங்க, நாடெங்கும் பேச்சாயிற்று. ஆண்டு முடிவதற்குள் பெட்ரோல் 1 வெள்ளி 80 காசுக்கு இறங்கியதை மட்டும் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. விலை ஏறும்போது சிறு வண்டியைத் தேடுகிறோம், இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

இம்முறை மறதிக்கு இடம் கொடுக்காமல் கணக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் தனியாகப் போட்டால் என் விருப்பத்திற்கேற்ப எண்களை வளைத்துவிடுவேன் என்ற அச்சம் இருந்தது. ஆதலால் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், யாருடைய கணக்கு என்று சொல்லாமல், வெண்பலகையில் எழுதிக் கொடுத்தேன். ஓர் ஆசிரியர் மாதத்திற்கு 1600 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ‘அ’ வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும். ‘ஆ’ வண்டி 8 கிலோமீட்டர் ஓடும். (நெரிசலில் ஊர்ந்து ஓட்டிய என் அனுபவத்தையும், உரிமையாளர் ஒளிக்காமல் சொன்னதையும் கொண்டு வைத்த எண்கள் இவை. விளம்பர எண்கள் அல்ல.)

பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்தனர். 100 லிட்டர், 200 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி 95 திட்டம் அறிமுகமானபோது மைகார்ட் வைத்திருக்கும் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர்வரை என்று வைத்தார்கள். அவ்விலையில் மாதச் செலவு 199 வெள்ளி, 398 வெள்ளி. வேறுபாடு 199. அதே நாளில் உதவித்தொகை இல்லாத விலை 2 வெள்ளி 60 காசாக இருந்தது. அதில் போட்டால் வேறுபாடு 260. ஆற்றல் மிக்க வண்டியின் தாகத்தில் ஒரு பங்கை அரசாங்கமே தணிக்கிறது என்பது இப்படிக் கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 200 லிட்டர் குடித்தாலும் அறிமுகத்தின்போது இருந்த 300 லிட்டர் எல்லைக்குள்தான். ஆகவே அந்த எல்லை என்னைத் தடுத்திருக்காது. நானேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

பாடம் முடியும் தறுவாயில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “டீச்சர், பெரிய காடியிலயும் அஞ்சு பேர்தானே போக முடியும்?” என்று கேட்டாள். விடைத்தாளில் இல்லாத கேள்வி.

எஞ்சிய கணக்கை வீட்டில் முடித்தேன். சாலை வரி 998 சிசிக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 2494 சிசிக்கு 874 வெள்ளி. மாதத்திற்குப் பிரித்தால் 71 வெள்ளி கூடுதல். காப்புறுதி, டயர், பழைய வண்டிக்கே உரிய சில்லறைச் செலவுகள் எல்லாம் சேர்த்து, பட்டறைக்காரரைக் கேட்டு, 130 வெள்ளி என்று வைத்தேன். மொத்தம் மாதம் நானூறு வெள்ளி. இந்த எண்ணைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மகளின் உயர்கல்விக்காக எஸ்.எஸ்.பி.என். கணக்கில் மாதந்தோறும் நான் போடும் தொகையும் நானூறுதான். அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டில் பல்கலைக்கழகம்.

இத்துடன் முடிவு எடுத்திருக்கலாம். ஆனால் கணவர் ஏற்கவில்லை. “நானூறு வெள்ளியைப் பார்க்கிறாய். அன்று மழையில் நின்றாயே, அதைப் பார்க்கவில்லையா? லாரி இடித்தால் எது தாங்கும்?” என்றார். அவர் கேட்டது ஞாயமே. இரு வண்டிகள் மோதினால் எடை மிகுந்ததில் இருப்பவருக்குத் தீங்கு குறைவு என்பது இயற்பியல். கஞ்சில் காலத்தில் காணாத காற்றுப்பைகளும் வழுக்கலைத் தடுக்கும் அமைப்பும் இன்று சிறிய மகிழுந்துகளிலும் வந்துவிட்டன என்றேன். ஆனால் அவர் கண்ணில் தெரிந்த பயத்திற்கு அது மறுமொழியாகவில்லை. சிக்கனத்திற்காக உயிரைப் பணயம் வைக்கிறேனோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வேண்டும், தாயும் வேண்டுமல்லவா?

அந்த வாரம் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை கொள்கலன் லாரி ஓட்டுநர். மகனின் கணிதத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் என் ஐயத்தைக் கேட்டேவிட்டேன். சாலையில் உங்களுக்குப் பெரிய மகிழுந்து நன்றாகத் தெரியுமா, சிறியது தெரியாதா என்று.

அவர் சிரித்தார். “பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்தா ரெண்டுமே தெரியாது, டீச்சர். இடது பக்கம் சுத்தமா தெரியாது. என் கண்ணாடியில என் முகம் உங்களுக்குத் தெரியலேன்னா, நீங்க எனக்குத் தெரியலேன்னு அர்த்தம். ஒண்ணு முன்னால போயிடணும், இல்லேன்னா பின்னால நிக்கணும்.”

“முன்னால் போகத்தானே ஆற்றல் வேண்டும்?” என்று விடாமல் கேட்டேன்.

“என் லோரி சுமையோட எவ்ளோ வேகம் போகும்? அதைத் தாண்ட சின்ன காடி போதும், டீச்சர். வேணும்னா பின்னாலயே வாங்க. அஞ்சு நிமிஷம் லேட்டாகும்.”

இருபது ஆண்டுகளாக அச்சாலையில் ஓட்டுகிறேன். லாரிகளின் பக்கவாட்டில் ஒட்டியபடி, வானொலி கேட்டுக்கொண்டு, எத்தனை கிலோமீட்டர் சென்றிருப்பேன் என்று எண்ணியபோது கை சில்லிட்டது. என் வண்டி சிறியது என்பதை மட்டுமே எண்ணி அஞ்சினேன். நான் எங்கே நிற்கிறேன் என்பதை எண்ணவே இல்லை. வீட்டிற்கு வந்து கணவரிடம் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். முழுமையாக ஏற்றார் என்று சொல்ல மாட்டேன். “சரி, கண்ணாடியைப் பார்த்து ஓட்டு” என்றார்.

இருப்பினும் பெரியதை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் விட மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தலைமையாசிரியர் ஐயா பக்கத்தில் அமர, சுபாங் ஜெயாவிலிருந்து ஷா ஆலாம்வரை ஓட்டினேன். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. காலால் தொட்டதும் அது முன்னே பாய்ந்த விதம் இருக்கிறதே, அப்பப்பா! ஒலி மிகக் குறைவு. ஆனால் கியர் மாறும் கணத்தில் அடியிலிருந்து ஒரு முனகல் எழும். பத்து தீகா வந்தபோது, 2018 சனவரி முதல் நாள் கட்டணம் நீக்கப்பட்ட பழைய சுங்கச் சாவடியின் இடத்தைக் கடக்கையில், “வேகத்தைப் பாருங்கம்மா” என்றார் ஐயா. 110-ஐத் தாண்டியிருந்தேன். சாலையின் எல்லை 90. வெட்கமாகிவிட்டது. பள்ளி நாள் காலையில் அதே இடத்தில் நான் நாற்பதில் ஊர்வேன். அந்த முனகலை வாரத்திற்கு எத்தனை முறை கேட்பேன்?

திரும்பி வந்ததும் அம்மாவை ஏற்றிப் பார்த்தோம். எழுபத்து நான்கு வயது; முழங்கால் வலி. பெரிய வண்டிதான் அவருக்கு வசதி என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆனால் அந்த இருக்கை தாழ்வாக இருந்தது. இறங்கும்போது இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. தைப்பானுக்கு அருகிலுள்ள விற்பனை நிலையத்தில் நிறுத்தியிருந்த ஆக்சியாவில் நாற்காலியில் அமர்வது போல அமர்ந்து, தாமே எழுந்தார். “இது போதும்மா. உங்கப்பா இருந்திருந்தா அந்தப் பெரிசைத்தான் வாங்கச் சொல்லியிருப்பார்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஐயாவுக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். வேறொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பதாகவும், வருந்த வேண்டாமென்றும் கூறினார். சற்று வருந்தத்தான் செய்தேன்.

ஆக்சியா அடுத்த வியாழக்கிழமை வருகிறது. அதுவரை கணவரின் வண்டியில் காப்பார்வரை சென்று வருகிறேன். அவர் ஓட்ட, நான் லாரிக் கண்ணாடிகளில் ஓட்டுநரின் முகத்தைத் தேடிக்கொண்டு வருகிறேன்.