ஊசி போடாத டாக்டர்

பேத்தாலஜி என்று தமிழில் எழுதிப் பார்த்தால், பேத்துவதைப் பற்றிய படிப்பு மாதிரியே இருக்கும். என் தம்பி இதைச் சொல்லித்தான் இருபது வருஷமாக என்னைக் கலாய்த்துக்கொண்டு இருக்கிறான். நோய்க்குறியியல் என்று நல்ல தமிழ்ப் பெயரும் உண்டு. ஆனால் அதைச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் கேள்விக்குறியியல் வந்துவிடுகிறது. :-)

சொந்தக்காரர்கள் மத்தியில் என்னைப் பற்றி மூன்று கருத்துகள் உலவுகின்றன. ஒன்று, நான் ரத்தம் எடுக்கிற நர்ஸ். இரண்டு, போஸ்ட்மார்ட்டம் செய்கிறவள். மூன்று, டாக்டருக்குப் படித்தும் பிராக்டீஸ் ஓடாததால் லேப் வைத்துப் பிழைக்கிறவள். மூன்றும் இல்லைங்க. சந்தேகத்துக்குரிய கட்டியை வெட்டி எடுத்து "டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், ரிப்போர்ட் வரட்டும்" என்று உங்கள் டாக்டர் சொல்கிறார் பாருங்கள், அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற டாக்டர் நான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதற்குமேல் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அப்புறம் எம்.டி. பேத்தாலஜி மூன்று வருஷம். இரண்டு வருஷத்தில் முடிகிற டி.சி.பி. டிப்ளமோவும் என் காலத்தில் உண்டு. நான் எம்.டி. முடித்தது 2001-ல். சேர்ந்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "நாடி பிடிக்காம எப்பிடிம்மா டாக்டரு?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் புரொபசர். ஸ்லைடை எடுத்ததும் மைக்ராஸ்கோப்பில் வைக்க விடமாட்டார். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெறும் கண்ணால் பார்க்கச் சொல்வார். அப்புறம் சின்ன லென்ஸ். கடைசியில்தான் பெரிய லென்ஸ். "ஊரைப் பார்த்துட்டுத் தெருவுக்குப் போ, தெருவைப் பார்த்துட்டு வீட்டுக்குள்ள போ" என்பார். மூன்று வருஷமும் அதுதான் படிப்பு. ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ 1858-ல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்ன அடிப்படையும் கிட்டத்தட்ட இதுதான். நோய் என்பது உடம்பு முழுக்கப் பரவி நிற்கிற ஏதோ ஒரு தோஷம் இல்லை, செல்லில் நடக்கிற மாற்றம் என்றார். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் எங்களுக்கு நாடி பிடிப்பது.

"ஒரு துண்டு சதையப் பார்க்க இத்தனை நாளா?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சதைத்துண்டு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும், குறைந்தது ஒரு ராத்திரி. இல்லாவிட்டால் செல்கள் அழுகி உருக்குலைந்துவிடும். அப்புறம் ஆல்கஹாலில் போட்டு அதிலிருக்கும் தண்ணீரை எல்லாம் வெளியேற்றி, சைலீனில் போட்டு, கடைசியில் உருக்கிய பாரஃபின் மெழுகில் இறக்கி, சின்னக் கட்டியாக உறைய வைப்போம். இதற்குப் பெயர் பிளாக். அதை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்துச் சீவுவோம். ஒரு சீவலின் கனம் மூன்று, நான்கு மைக்ரான். உங்கள் தலைமுடி இதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு தடி. அந்தச் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்ற வேண்டும். செல்லின் கருவை நீலமாக்கும் ஹிமாடாக்சிலின், மத்திய அமெரிக்கப் பக்கம் வளர்கிற ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. மற்றதை ரோஸ் கலராக்குவது ஈயோசின். இவ்வளவும் முடிந்து என் மேஜைக்கு ஸ்லைடு வர இரண்டு மூன்று நாள் ஆகும். என் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

நடுவில் ரத்த டெஸ்டுகளும் உண்டு. அதெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். டெங்கு சீசனில் ஒரு நாள் ஒருவருக்குத் தட்டணுக்கள் 38,000 என்று மெஷின் சொன்னது. இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் எல்லோரும் வண்டி பேசிவிட்டார்கள். ஸ்லைடில் பார்த்தால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அதுவே தட்டணுக்களை ஒட்டவைத்துவிடும். கொத்துகளை மெஷினுக்கு எண்ணத் தெரியாது. நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஒரு லட்சத்து எண்பதாயிரம். வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது எழுத நினைத்த விஷயம். (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2019-ல் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் கழுத்து நெறிக்கட்டி என் லேபுக்கு வந்தது. மூன்று மாதமாக வீக்கம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. நம் ஊரில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் யாராக இருந்தாலும் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும். முதல் ஸ்லைடிலும் டி.பி.யில் வருகிற மாதிரி கிரானுலோமா என்ற செல் கூட்டங்கள் இருந்தன. டி.பி. கிருமிக்கான சாயத்தில் கிருமி தெரியவில்லை. நெறிக்கட்டி டி.பி.யில் பல சமயம் தெரியாதுதான். "டி.பி.க்கு ஒத்துப்போகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும்.

ஆனால் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு செல். ஒன்றே ஒன்று. மற்றவற்றைவிடப் பெரிசு, வடிவமும் சரியில்லை.

சர்ஜன் போன் செய்தார். "மேடம், டி.பி.தானே? மாத்திரை ஆரம்பிச்சிடவா?" ரெண்டு நாள் பொறுங்க சார், பிளாக்கை இன்னும் உள்ளே வெட்டிப் பார்க்கணும் என்றேன்.

பையனின் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வேலை முடித்துவிட்டு பஸ் ஏறித் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். வாசல் பெஞ்சில் உட்காரமாட்டார், நின்றுகொண்டே இருப்பார். நாலாவது நாள் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார். "டாக்டரம்மா, டி.பி.ன்னே எழுதிக் குடுத்துருங்கம்மா. அதுன்னா மாத்திரையிலயே போயிரும்னு சொல்றாங்க."

நான் எழுதுவதுதான் நோயாக மாறும் என்று அவர் நினைத்திருக்கிறார். "நான் எழுதறதால வர்றது இல்லைங்கய்யா. உள்ள என்ன இருக்கோ அதத்தான் எழுத முடியும். அத சரியா எழுதினாத்தான் மருந்தும் சரியா இருக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி போய் வாசலில் நின்றார்.

உள்ளே வெட்டிய சீவல்களில் அந்தச் செல்கள் இன்னும் நாலைந்து கிடைத்தன. ஒரே செல்லில் இரண்டு கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிய புள்ளி. ஆந்தை முழிக்கிற மாதிரி இருக்கும். பெயர் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டிக் கேன்சரின் அடையாளம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1898-ல் இந்தச் செல்லை விவரித்த வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கே, இது டி.பி.யின் ஒரு வகை என்றுதான் நினைத்தார். இல்லை, இது டி.பி.யே கிடையாது, தனி நோய் என்று 1902-ல் சொன்னவர் அமெரிக்காவின் டோரத்தி ரீட் என்ற பெண் டாக்டர். நூறு வருஷம் கழித்தும் திண்டுக்கல்லில் ஒரு மேஜையில் அதே குழப்பம். ஹாட்ஜ்கினிலும் கிரானுலோமா வரலாம் என்பதுதான் இதில் கண்ணி.

சந்தேகம் தீர, பிளாக்கைச் சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினேன். செல்லின் மேலிருக்கும் புரதங்களுக்குத் தனித்தனிச் சாயம் போட்டுப் பார்க்கும் டெஸ்ட். சி.டி.30, சி.டி.15 இரண்டும் பாசிட்டிவ். ஒன்பதாவது நாள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

டி.பி. மாத்திரை ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் இந்த நோய் உள்ளே தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கும். ஹாட்ஜ்கின், நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடுகிற கேன்சர். பையனுக்கு மதுரையில் கீமோ நடந்தது. அடுத்த வருஷம் அவன் அப்பா ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்து, "முடி முளைச்சிருச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையன் முகத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை. அவனுடைய செல்லை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

எங்கள் தொழில் இவ்வளவுதான். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் இல்லை. ஆனால் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ பயாப்ஸி செய்தால் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சதையை ஃபார்மலினில்தான் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஒரு நர்ஸிங் ஹோமிலிருந்து எனக்கு சலைன் தண்ணீரில் போட்டு அனுப்பினார்கள், அதுவும் இரண்டு நாள் கழித்து. பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை. அந்த அம்மாவுக்கு இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ரிப்போர்ட்டின் அடியில் யார் கையெழுத்து என்று பாருங்கள். பதிவு பெற்ற, பேத்தாலஜியில் முதுநிலைப் படிப்பு முடித்த டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். நாங்களே ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் கேட்கிறவர்கள்தான்.

கடைசியாக, சதையோடு வருகிற ஃபார்ம். பாதி ஃபார்ம்களில் "கழுத்துக் கட்டி" என்பதோடு சரி. எத்தனை மாதமாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, முன்னால் என்ன மருந்து சாப்பிட்டார், எதுவும் இருக்காது. உங்கள் டாக்டர் எழுத மறந்தால் நீங்கள் கேட்டு எழுத வையுங்கள். உங்களோடு நான் பேசக் கிடைக்கிற இடம் அந்த ரெண்டு வரி மட்டும்தாங்க.