தடுக்காத தடைப்பட்டியல்

பல்கலைக்கழக ஆய்வகங்களில் பொதுக் கணினியின் பொறுப்பை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. பட்டம் முடித்துப் புறப்படும் மூத்தவர் ரூட் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறார். அன்றுமுதல் பலருடைய தரவுகளும் நிரல்களும் எழுதி முடியாத ஆய்வேடுகளும் ஓர் ஆய்வு மாணவரின் காவலுக்கு வந்துவிடுகின்றன. லினக்ஸ் கெர்னலுக்குள் எந்த மாட்யூல் நுழையலாம், எது நுழையக்கூடாது என்று முடிவு செய்வதும் அக்காவலின் ஒரு பகுதி என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

கெர்னல் தன் திறன்கள் அனைத்தையும் எப்போதும் நினைவகத்தில் சுமந்துகொண்டிருப்பதில்லை. புதிய கருவி செருகப்படும்போது அதற்குரிய மாட்யூல் மோட்ப்ரோப் என்னும் நிரலின் வழியே ஏற்றப்படுகிறது. வலைப்பின்னல் நெறிமுறைகளுக்கும் ஏற்பாடு இதுவே. சாதாரணப் பயனர் ஒருவர், எவரும் பயன்படுத்தாத நெறிமுறையில் ஒரு சாக்கெட்டைத் திறக்க முயன்றாலும், அதற்குரிய மாட்யூல் கெர்னலுக்குள் தானாகவே வந்து அமர்ந்துவிடும். நிர்வாகியின் ஒப்புதலை அது எதிர்பார்ப்பதில்லை.

இவ்வசதிக்குக் கொடுக்க நேர்ந்த விலையை டிசிசிபி நெறிமுறை காட்டியது. 2005-இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட அந்நெறிமுறையின் நிரலில், ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் பிழை ஒன்று இருந்தது. ஆந்த்ரேய் கொனொவாலொவ் அதைக் கண்டறிந்து 2017 பிப்ரவரியில் வெளியிட்டார். கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அப்பிழையைக் கொண்டு ரூட் அதிகாரத்தை அடைய வழியிருந்தது. டிசிசிபியை ஒருநாளும் பயன்படுத்தாத கணினிகளும் தப்பவில்லை. மாட்யூல் வட்டில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அப்படியானால் தடைசெய்துவிடலாமே என்று தோன்றும். ஆய்வு மாணவர் அறிந்த தடை பெரும்பாலும் ஒன்றுதான்: என்விடியா அட்டைக்கான இயக்கியை நிறுவும்போது, நூவோ இயக்கியை விலக்க மோட்ப்ரோப்.டி கோப்புறையில் எழுதிய ‘பிளாக்லிஸ்ட்’ வரி. அங்கே அது பலித்தது. அதே நம்பிக்கையில் டிசிசிபியின் பெயரையும் அவ்வாறே எழுதினால் பலிக்காது. பிளாக்லிஸ்ட் என்ற சொல், ஒரு மாட்யூல் தனக்குள் சுமந்துள்ள மாற்றுப்பெயர்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. நூவோ அத்தகைய மாற்றுப்பெயரால் அழைக்கப்படுவதால் நின்றுவிடுகிறது. சாக்கெட் திறக்கப்படும்போதோ, அழைக்கப்படுவது டிசிசிபி_ஐபிவி4 என்னும் வேறொரு மாட்யூல். அது தன் சார்பாக டிசிசிபியைக் கையோடு இழுத்து வருகிறது. சார்பாக வருவதையும் நேரடிப் பெயரால் அழைக்கப்படுவதையும் பிளாக்லிஸ்ட் தடுப்பதில்லை.

உண்மையான மறுப்புக்கு ‘இன்ஸ்டால்’ என்ற வரி வேண்டும். மாட்யூலின் பெயரை எழுதி, அதை ஏற்றுவதற்குப் பதிலாக ‘ஃபால்ஸ்’ என்னும் கட்டளையை இயக்கச் சொன்னால், சார்பாக வந்தாலும் ஏற்றம் தோல்வியுறும். மாட்யூல் கணினி தொடங்கும்போதே ஏறுவதாயின், இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் மீண்டும் உருவாக்க வேண்டும். இல்லையேல் பழைய படிமம் புதிய விதியை அறியாது. இன்னும் கடுமையான வழியும் உண்டு. மாட்யூல்ஸ்_டிசேபிள்ட் என்ற அமைப்பை 1 ஆக்கினால், மறுதொடக்கம் வரை ரூட் பயனராலும் புதிய மாட்யூல் எதையும் ஏற்ற முடியாது. தேவையானவை அனைத்தும் ஏறிய பின்னரே அதைச் செய்ய வேண்டும்.

எழுதிய விதியைச் சோதித்துப் பார்ப்பதும் கடமை. மோட்ப்ரோப்பை ‘-என் -வி’ என்ற விருப்பங்களுடன் இயக்கினால், எதையும் ஏற்றாமலே, தான் செய்யவிருப்பதை அது காட்டிவிடும். டிசிசிபி_ஐபிவி4-இன் பெயரைக் கொடுத்துப் பார்க்கும்போது ‘இன்ஸ்மாட்’ என்ற சொல் டிசிசிபிக்கு எதிரே தோன்றினால், தடை பெயரளவில்தான் இருக்கிறது என்று பொருள்.

விதிக்கு மேலே, அது எதற்காக, எந்த நாளில் எழுதப்பட்டது என்று ஒரு குறிப்பையும் சேர்ப்பது நல்லது. சில ஆண்டுகளில் கடவுச்சொல் மீண்டும் கைமாறும். காரணம் தெரியாத வரியை, ஏதோ ஒரு நிரல் ஓடாத நள்ளிரவில், அடுத்து வருபவர் தயங்காமல் அழித்துவிடக்கூடும்.