துளை போடும் நாள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் ஆறரை லட்சம். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகரம். ஆனால் அமெரிக்காவில் தயாராகும் மேப்பிள் பாகில் ஏறத்தாழப் பாதி இங்கிருந்துதான் வருகிறது. மார்ச் மாதத்தில் பர்லிங்டன் நகரை விட்டு அண்டர்ஹில் பக்கம் காரில் போனால், சாலையோர மரக் கொட்டகைகளின் கூரை முகட்டிலிருந்து வெள்ளை வெளேரென்று நீராவி எழுவதைப் பார்க்கலாம். எதிரே மாநிலத்தின் மிக உயரமான சிகரமான மான்ஸ்ஃபீல்டு, 1,339 மீட்டர், பனியோடு நிற்கிறது. காலடியில் சேறு. நான்கு பருவங்கள் போதாதென்று 'சேற்றுப் பருவம்' என்று ஐந்தாவதாக ஒன்றை வெர்மான்ட்காரர்கள் வைத்திருக்கிறார்கள். மண் சாலையில் கார்ச் சக்கரம் புதைவதும் மேப்பிள் மரத்தில் சாறு வடிவதும் ஒரே காரணத்தால்தான்: இரவில் உறைகிறது, பகலில் உருகுகிறது.

பெரிய கொட்டகைகளில் இது தொழிற்சாலை வேலை. ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளாஸ்டிக் குழாய்கள் இணைக்கின்றன. பம்பு சாற்றை உறிஞ்சுகிறது. அடுப்பில் ஏற்றுமுன்பே சவ்வு வடிகட்டி பெரும்பங்கு நீரைப் பிரித்துவிடுகிறது. நான் பார்க்க வந்தது அதை அல்ல. வீட்டைச் சுற்றி ஐந்தாறு மரங்களை வைத்துக்கொண்டு புதிதாக இறங்குகிறவர்களை. எனக்குத் தங்க இடம் கொடுத்த தம்பதி அந்த ரகம். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி நூலகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறார். நகரத்திலிருந்து குடிவந்த அவர்களுக்கு வீட்டோடு சேர்ந்து கிடைத்தவை ஏழு மேப்பிள் மரங்கள். இது அவர்களுக்கு மூன்றாவது பருவம்.

புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை குளிர்காலத்தில் அல்ல, அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். இலை இருக்கும்போதே மரத்தை அடையாளம் கண்டு ரிப்பன் கட்டிவைக்க வேண்டும். இலை உதிர்ந்துவிட்டால் பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லா மரமும் ஒன்றுதான். செம்மேப்பிளிலும் சாறு எடுக்கலாம் என்றாலும் சர்க்கரை மேப்பிள்தான் உத்தமம். மரம் நெஞ்சுயரத்தில் குறைந்தது 25 முதல் 30 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும். அந்தப் பருமனை எட்ட சுமார் 40 ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்று துளை போடுகிறவர் பெரும்பாலும் மரத்தை நட்டவர் அல்ல.

பதநீர் இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். பனையில் பாளையைச் சீவுகிறோம். இலைகள் தயாரித்த சர்க்கரை இறங்கி வருகிறது. நூறு பங்கு பதநீரில் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. மேப்பிளோ இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கும்போது சாறு தருகிறது. போன கோடையில் சேமித்த மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறியிருக்கும். இரவில் மரத்துக்குள் ஈரம் உறைய, நார்ச் செல்களில் உள்ள காற்று சுருங்குகிறது. வேரிலிருந்து நீர் மேலே இழுக்கப்படுகிறது. பகலில் பனிக்கட்டி உருக, சுருங்கிய காற்று விரிந்து நீரை நெருக்குகிறது. துளை இருந்தால் அதன் வழியே சொட்டுகிறது. வாளியிலிருந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். கொஞ்சம் இனிக்கிற குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். சர்க்கரை வெறும் 2 சதவிகிதம்.

துளை சின்னது. 8 மில்லிமீட்டர் குறுக்களவு, நாலைந்து சென்டிமீட்டர் ஆழம், சாறு தேங்காமல் வடிய லேசான சரிவு. சிறு குழாயைச் செருகிச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கொக்கியில் மூடி போட்ட வாளியை மாட்டினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் மரத்துக்கு அது காயம். துளைக்கு மேலும் கீழும் உள்ள கட்டையில் ஒரு நீளமான பகுதியை மரம் தானே அடைத்துவிடுகிறது. கறைபட்ட அந்தக் கட்டையில் இனி ஒருபோதும் சாறு ஓடாது. அதன்மேல் புதுக் கட்டை வளர்ந்து மூடும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டுத் துளையைத் தள்ளிப் போட வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு மரத்துக்கு ஒரு துளை என்பது புதியவருக்கான கட்டுப்பாடு. மிகப் பருத்த மரத்தில் மட்டும் இரண்டு.

இங்கேதான் சிக்கல். போட்ட துளை எப்போதும் திறந்திருக்காது. கிருமிகள் உள்ளே பெருகப் பெருக ஊற்று அடைபடும். ஐந்தாறு வாரங்களுக்குப் பிறகு நம்பிக்கை வைக்க முடியாது. அவசரப்பட்டுத் துளை போட்டு நடுவில் நீண்ட குளிர் வந்தால், உண்மையான ஓட்டம் வரும்போது துளை தளர்ந்திருக்கும். காத்திருந்தாலோ முதல் ஓட்டம் கைவிட்டுப் போகும். அதில் கிடைப்பதுதான் பொன்னிறமான பாகு.

முன்பெல்லாம் இதற்கு நாட்காட்டி போதும். மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை வெர்மான்ட் கிராமங்களில் ஊர்க்கூட்டம். வரி, பள்ளிக்கூடம், சாலைச் செலவு எல்லாவற்றையும் ஊரே கூடிக் கை தூக்கித் தீர்மானிக்கும் பழைய மரபு. அந்த நாளையொட்டித் துளை போடுவார்கள். இப்போது அந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. அண்டர்ஹில்லில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பருவம் நாற்பது ஆண்டுகளில் ஒரு வாரம் முன்னதாகவே தொடங்குகிறது, அதைவிடவும் முன்னதாக முடிந்துவிடுகிறது என்று அங்குள்ளவர்கள் 2000களிலேயே கணக்கிட்டார்கள். 2012 மார்ச்சில் கோடைபோல வெயிலடித்துப் பருவம் பாதியில் நின்றதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பெரிய உற்பத்தியாளர்கள் பம்பின் உறிஞ்சலை வைத்துச் சமாளிக்கிறார்கள். வாளிக்காரருக்கு வானம்தான் கதி.

என் வீட்டுக்காரர்களுக்குள் இந்த ஆண்டு இதில்தான் தகராறு. பிப்ரவரி நடுவில் நாலு நாள் வெயில் தலைகாட்டியது. கணவர் துளைப்பானை எடுத்துவிட்டார். மனைவி சம்மதிக்கவில்லை. முந்தைய ஆண்டு காத்திருந்து முதல் ஓட்டத்தை இழந்தது அவருடைய யோசனையால்தான் என்று கணவர் ஞாபகப்படுத்த, கடைசியில் மரங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அவருக்கு மூன்று, அம்மையாருக்கு நான்கு. அவர் மரங்கள் இரண்டு நாள் ஓடின. பிறகு மூன்று வாரம் எல்லாம் உறைந்து கிடந்தது. நான் போன மார்ச் மூன்றாம் வாரம் அம்மையாரின் வாளிகள் ஒரே பகலில் நிரம்பி வழிந்தன. அவருடையவற்றில் அடியில் ஒரு சாண் சாறு. இதை வைத்துப் பொறுமையே வெல்லும் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் முந்தைய ஆண்டுக் கதை நேர்மாறாயிற்றே.

சாறு பாலைப் போன்றது, வெளியே வைத்தால் கெட்டுவிடும். வீட்டு நிழலில் பனியைக் குவித்து உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்துவைக்கிறார்கள். சில நாட்களுக்குள் காய்ச்சியாக வேண்டும். பழம்பொருள் கடைகளில் அழகான தகர வாளிகள் கிடைக்கும். வாங்கிவிடாதீர்கள் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். பழைய வாளிகளில் ஈயப் பற்று இருக்கக்கூடும்.

இனி நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு. 86ஐச் சர்க்கரைச் சதவிகிதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று தெரியும். 2 சதவிகிதமென்றால் 43. மீதி 42 லிட்டரும் நீராவியாகப் போக வேண்டும். இதைச் சமையலறையில் செய்தவர்கள் சுவர்க் காகிதம் உரிந்து தொங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அடுப்பு வெளியேதான். இந்த வீட்டில் சிமென்ட் கட்டிகளை அடுக்கி, மேலே ஓட்டல்களில் உணவைச் சூடாக வைக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகள் மூன்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆழத்தைவிட அகலம் முக்கியம். நல்ல தீயில் ஒரு சதுர அடிப் பரப்பு மணிக்கு நாலு லிட்டர் போல ஆவியாக்கும். காலை ஏழு மணிக்கு மூட்டிய அடுப்பில் இரவு ஒன்பது மணிக்கும் விறகு போட்டுக்கொண்டிருந்தோம். பொங்கி வந்தால் துளி வெண்ணெய்; உடனே அடங்குகிறது.

அந்த நீண்ட பகலில் பேச்சு பழங்கதைக்குப் போகாமல் இருக்காது. ஐரோப்பியர் வருமுன்பே அபெனாக்கி முதலிய பூர்வகுடிகள் இங்கே மேப்பிள் சாற்றைக் காய்ச்சியிருக்கிறார்கள். 1790களில், அடிமைகளை வதைத்து விளைவித்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்று என்று அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் மேப்பிளைத் தூக்கிப் பிடித்தார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1791இல் வர்ஜீனியாவில் உள்ள தன் பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டார், தேறவில்லை. அதே பண்ணையில் அடிமைகள் வேலை செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1932இல் நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் வந்த ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதி, புதியவர்களாகத் தொடங்கி மேப்பிளையே ஜீவனமாக்கிக்கொண்டார்கள். 1950இல் அதைப் பற்றி அவர்கள் எழுதிய நூல் இன்னும் இந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆனால் ஏழு மரத்தில் ஜீவனம் நடக்காது. விறகையும் உழைப்பையும் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு. உலகின் மேப்பிள் பாகில் சுமார் 70 சதவிகிதம் எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக்கில் தயாராகிறது. அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் 2000 முதல் சேமிப்புக் கிடங்கே வைத்திருக்கிறது. 2011–12இல் அதிலிருந்து ஏறத்தாழ 3,000 டன் திருடுபோன கதை தனி.

கடைசி அரைமணி ஆபத்தானது. தட்டுகளில் மிஞ்சியதை ஒரே பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வைக்கிறார்கள். அன்று தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு. காற்றழுத்தத்தைப் பொறுத்துக் கொதிநிலை மாறுவதால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளக்கிறார்கள். குறைவாக இருந்தால் புளிக்கும், கூடினால் புட்டியில் கற்கண்டு படியும், கவனம் சிதறினால் கருகும். வெர்மான்ட் சட்டப்படி விற்கும் பாகில் 66.9 சதவிகிதம் சர்க்கரை இருக்க வேண்டும், அதற்கு ஹைட்ரோமீட்டர். அம்மையார் அதைத் தொடவில்லை. அகப்பையைத் தூக்கிச் சாய்த்தார். துளித் துளியாக விழுந்தது விளிம்பில் ஒன்றுகூடி ஏடுபோலத் தொங்கியபோது அடுப்பிலிருந்து இறக்கினார். கம்பிப் பதம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இவர் அந்நியரல்ல.

சூட்டோடு தடித்த கம்பளித் துணியில் வடிகட்டினால் சர்க்கரை மணல் எனப்படும் தாதுக் கசடு பிரிகிறது. கொஞ்சத்தை மட்டும் மேலும் காய்ச்சி வெளியே புதுப் பனிமேல் ஊற்றினார்கள். மிட்டாய்போல இழுபட்டது. கூடவே டோநட்டும், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயும். வெள்ளரிக்காய் எதற்கு என்று கேட்டால், திகட்டல் போய் இன்னும் தின்னலாமாம். எனக்கு இரண்டு வெள்ளரிக்காய் தேவைப்பட்டது.

பருவம் முடிவதை மரமே சொல்லிவிடும். மொட்டு பருக்கும்போது சாற்றில் வேண்டாத ஒரு வாசம் ஏறி, எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அந்தச் சமயத்தில் சதுப்பில் சின்னஞ்சிறு தவளைகள் கத்தத் தொடங்கும். கடைசி ஓட்டத்துக்குத் தவளை ஓட்டம் என்றே பெயர். நான் கிளம்பிய வாரக் கடைசியில் குழாய்களைப் பிடுங்கினார்கள். துளைகளில் எதையும் அடைக்கவில்லை, மரம் தானே மூடிக்கொள்ளும். 220 லிட்டர் சாற்றில் கிடைத்தது பத்து அரைலிட்டர்ப் புட்டிகள். பிப்ரவரியில் கிடைத்த ஒரே புட்டி வெளிறிய பொன்னிறம். அதைக் கணவர் ஜன்னலோரம் வெளிச்சம் படும் இடத்தில் தனியாக வைத்திருந்தார். அதைத் திறக்கச் சம்மதிக்கவில்லை.