கடல் கடந்த மடல்: தபாலில் வந்த கேள்வி

சிட்னி



2017 நவம்பர் 15 காலை, ஆஸ்திரேலியாவின் தலைமைப் புள்ளியியலாளர் டேவிட் காலிஷ் தொலைக்காட்சியில் தோன்றினார். எப்படி எண்ணினோம், எப்படிச் சரிபார்த்தோம் என்று வெகுநேரம் விளக்கிக் கேட்பவர்களின் பொறுமையைச் சோதித்துவிட்டு, கடைசியில் எண்ணைச் சொன்னார்: 61.6 சதவீதம். தன்பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள வழிவிட்டுச் சட்டத்தை மாற்றலாமா என்று தபாலில் கேட்ட கேள்விக்கு 'ஆம்' என்றவர்கள் அத்தனை பேர். பூங்காக்களிலும் நூலக வாசல்களிலும் காலையிலிருந்தே கூடி நின்றவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தொகுதிவாரிப் பட்டியலைத் திறந்தால் வேறு கதை. சிட்னிக்கு மேற்கே, தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளுக்கு நடுநாயகமான பாரமட்டாத் தொகுதியில் 'இல்லை' என்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அங்கேயும் 61.6 சதவீதம்தான். நாட்டு முடிவை அப்படியே கவிழ்த்து வைத்தது போல.

ஆஸ்திரேலியாவில் மொத்தம் 150 தொகுதிகள். 133 தொகுதிகள் 'ஆம்' என்றன, 17 'இல்லை' என்றன. அந்தப் பதினேழில் 12 நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேற்கு சிட்னியில். பிளாக்ஸ்லண்ட் தொகுதியில் 73.9 சதவீதம் 'இல்லை', வாட்சனில் 69.6. அரபு, சீனம், வியட்நாமியம், தமிழ், பஞ்சாபி எல்லாம் ரயிலில் ஒரே பெட்டிக்குள் கேட்கும் ஊர்கள் இவை. மறுநாள் பத்திரிகைகளுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது: வந்தேறிகள் பின்தங்கியவர்கள். நாசூக்காகத்தான் எழுதினார்கள், ஆனால் பொருள் அதுதான். குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் வெள்ளை விவசாயிகள் வாழும் மரனோவாவும் 56 சதவீதம் 'இல்லை' என்றிருந்தது. அதைப் பற்றி அவ்வளவு சத்தம் இல்லை.

இந்தக் கணக்கெடுப்பு வந்த வழியைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். இங்கே திருமணச் சட்டம் 1961-ல் வந்தது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் சேர்வது என்ற வரையறை அதில் இல்லை. அதை 2004-ல் ஜான் ஹவர்ட் அரசு புகுத்தியது. எதிர்க்கட்சியான லேபரும் ஆதரித்தது. சில வாரங்களில் வேலை முடிந்தது. மக்களிடம் யாரும் படிவம் அனுப்பிக் கேட்கவில்லை. 2013-ல் தலைநகர் கான்பெராவின் பிரதேச சட்டமன்றம் தன் எல்லைக்குள் மட்டும் இத்திருமணத்தை அனுமதித்தது. சில ஜோடிகள் அவசர அவசரமாக மணம் முடித்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. (இங்கே உச்ச நீதிமன்றத்துக்குத்தான் உயர் நீதிமன்றம் என்று பெயர்.) ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது.

அதாவது அரசியல் சாசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உறுப்பினர்கள் அவையில் உட்கார்ந்து கை தூக்கினால் போதும். அயர்லாந்து 2015 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடத்தி 62 சதவீத ஆதரவோடு இதை நிறைவேற்றியது. அங்கே சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது, சாசனத் திருத்தம் என்றால் மக்களிடம் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பிரதமர் டோனி அபட்டுக்குத் தன் கட்சிக்குள் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொதுவாக்கெடுப்பு என்று 2015-ல் பேச்சைத் தள்ளிப்போட்டார். அடுத்த மாதமே பதவி போய் மால்கம் டர்ன்புல் வந்தார், அந்த வாக்குறுதியையும் சேர்த்துச் சுமந்தார். செனட் சபை வாக்கெடுப்பு மசோதாவை இரண்டு முறை தோற்கடித்தது. உடனே அரசு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: வாக்கெடுப்பு என்றால்தானே சட்டம் வேண்டும்? புள்ளியியல் துறையைவிட்டுத் தபாலில் 'கருத்துக் கேட்பு' நடத்துவோம். ஒதுக்கிய பணம் 12 கோடியே 20 லட்சம் டாலர். செலவானது அதைவிடக் குறைவு, சுமார் 8 கோடி.

வாக்களிக்காவிட்டால் 20 டாலர் அபராதம் போடும் நாடு இது. இந்தத் தபாலுக்கோ கட்டாயம் கிடையாது. அப்படியும் 79.5 சதவீதம் பேர் பதில் அனுப்பினார்கள், ஒரு கோடியே 27 லட்சம் பேர். தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று கூகுளில் தேடும் தலைமுறைகூடத் தேடிப் போய்ப் போட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதற்காகவே வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தார்கள். ஜனநாயகத்தின் வெற்றி என்று அரசு மார்தட்டியது. கேட்கவே கூடாத கேள்விக்கு மக்கள் பொறுப்பாகப் பதில் சொன்னார்கள் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். படிவம் வந்த வாரம் வேலி ஓரத்தில் நின்று கேட்டார்: "தம்பி, பாராளுமன்றம் எண்டு ஒண்டு கிடக்கேக்கை இதை ஏன் எங்களிட்டைக் கேக்கினம்?"

எனக்குத் தெரிந்த அரசியல் காரணங்களைச் சொன்னேன். அவர் திருப்தி அடையவில்லை.

"நாளைக்கு எங்கடை கோயில் மணி அடிக்கலாமோ, தேர் றோட்டிலை வரலாமோ எண்டு உவை ஊருக்கெல்லாம் கடிதம் போட்டுக் கேட்டா என்ன மறுமொழி வரும் எண்டு யோசிச்சுப் பாரும்."

அவர் எந்தக் கட்டத்தில் கோடு போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் நான் படித்த தலையங்கங்கள் எதுவும் அந்தக் கேள்வியின் அருகில்கூட வரவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களின் வாழ்க்கையை எண்ணிக்கையில் பெரியவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியாதா? இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டுமா? அப்படியிருந்தும் எங்கள் பகுதி 'இல்லை' என்றது. ஏன்?

வீட்டுக்குள் இந்தப் பேச்சு அதற்கு முன் வந்ததே இல்லை என்பது ஒரு காரணம். வாக்குச்சாவடியில் மறைப்புக்குள் தனியாக நிற்பது வேறு, சாப்பாட்டு மேசையில் நான்கு உறைகள் கிடக்க, குடும்பத்தலைவர் நான்கையும் பிரிப்பது வேறு. சில வீடுகளில் அப்படித்தான் நடந்தது. தனக்கு வந்த படிவத்தை அப்பா நிரப்புவதை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை எதிரே உட்கார்ந்து பார்த்திருந்தால், அந்தப் பிள்ளையும் தன்பால் ஈர்ப்பு உள்ளதாக இருந்திருந்தால், அதற்கு அன்று என்ன ஆகியிருக்கும்? தபாலில் கேட்கலாம் என்று முடிவெடுத்த யாரும் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு காரணம், 'இல்லை' அணியினர் எங்களைத் தேடி வந்தார்கள் என்பது. தேவாலயங்கள், மசூதிகள், மொழிவாரிச் சங்கங்கள் என்று அவர்கள் நுழையாத வாசல் இல்லை. சிட்னி ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் அந்தப் பிரச்சாரத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. அவர்களின் தொலைக்காட்சி விளம்பரத்தில் அம்மாக்கள் பேசியது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றி: பிள்ளைகளுக்கு வகுப்பில் எதையாவது கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம். புலம்பெயர்ந்த பெற்றோரிடம் எந்த நரம்பைத் தொட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 'ஆம்' அணியின் கொண்டாட்டமோ நகர மையத்தில். குவான்டாஸ் விமான நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் ஆதரித்தார், ரக்பி இறுதிப்போட்டியில் அமெரிக்கப் பாடகர் மேக்லமோர் வந்து பாடினார். எல்லாம் சரி. வென்ட்வொர்த்வில் மளிகைக்கடை வாசலில் நின்று தமிழில் இரண்டு வார்த்தை பேசிய ஒருவரை நான் பார்க்கவில்லை.

முடிவு வந்த பிறகு நாடாளுமன்றத்தில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையான பகுதி. டீன் ஸ்மித் என்ற லிபரல் செனட்டர் கொண்டுவந்த மசோதா நவம்பர் 29 அன்று செனட்டில் 43-க்கு 12 என்று தேறியது. டிசம்பர் 7 அன்று கீழவையில் எதிர்த்து நின்றவர்கள் வெறும் நான்கு பேர். பிளாக்ஸ்லண்டின் ஜேசன் கிளேரும் வாட்சனின் டோனி பர்க்கும், தொகுதியில் பத்துக்கு ஏழு பேர் 'இல்லை' என்றிருந்தும், மசோதாவை ஆதரித்தார்கள். வாக்கெடுப்பு என்ற யோசனையைக் கிளப்பிய டோனி அபட்டின் வாரிங்காத் தொகுதியில் 75 சதவீதம் 'ஆம்'. அவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் வந்த தேர்தல் 2019-ல். கிளேரும் பர்க்கும் அதே தொகுதிகளில் மறுபடி வென்றார்கள், அபட் வாரிங்காவில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். இதற்காகத்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன், பருவநிலை விவகாரம் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் தொகுதியின் மனதுக்கு மாறாக வாக்களித்தால் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தார்களே, அந்தப் பயம் வெறும் பூச்சாண்டி என்பது தெரிந்துவிட்டது.

பென்னி வாங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவின் கோத்தா கினபாலுவில் பிறந்து சிறுமியாக இங்கே வந்தவர், இப்போது வெளியுறவு அமைச்சர். 2004-ல் ஹவர்டின் திருத்தம் வந்தபோது லேபர் கட்சியின் செனட்டர். தன்பால் ஈர்ப்பாளரான அவர், கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் வாய்மூடி நிற்க வேண்டியிருந்தது. 61.6 என்ற எண் வந்த அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் அழுத படம் உலகமெங்கும் போனது. பிறகு 2024 மார்ச்சில் தன் துணைவியை மணந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு செனட்டர், தன் வீட்டு விஷயம் சரியா தவறா என்று ஒரு கோடியே 27 லட்சம் பேர் கோடு போட்டு முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது எந்த ஊர் நியாயம்?

இங்கே 'ஆம்' வென்றது, நல்லது. எல்லா இடத்திலும் அப்படி ஆகவில்லை. கலிஃபோர்னியாவில் 2008-ல் நீதிமன்றம் கொடுத்த உரிமையை அதே ஆண்டு நவம்பரில் 52 சதவீத வாக்குகள் பறித்தன. குரோஷியா 2013-ல் வாக்கெடுப்பு நடத்தித் தடையைச் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. தைவான் மக்கள் 2018 நவம்பரில் பெருவாரியாக 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் அரசியல் சாசன நீதிமன்றம் முந்தைய ஆண்டே இரண்டு ஆண்டு கெடு வைத்திருந்ததால், 2019 மே 17 அன்று அங்கே நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. ஆசியாவில் அதுதான் முதல் நாடு. தைவானில் வானம் இடிந்து விழவில்லை.

வாக்கெடுப்பு நடத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதும் கட்டுக்கதை. 2024 மே மாதம் எங்கள் பக்கத்து கம்பர்லாந்து கவுன்சில், தன்பாலினப் பெற்றோரைப் பற்றிய சிறுவர் புத்தகங்களை நூலகங்களிலிருந்து எடுக்கும்படி 6-க்கு 5 என்று தீர்மானம் போட்டது. இரண்டே வாரத்தில், கவுன்சில் வாசலில் ஆர்ப்பாட்டம் நடக்க, அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆறரை ஆண்டு கழித்தும் அதே தெருக்கள், அதே சண்டை.

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: 2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது, ஆஸ்திரேலியா போல மக்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் என்ன?

என் பதில், வேண்டவே வேண்டாம். இந்தியச் சாசனத்தில் அப்படியொரு ஏற்பாடே கிடையாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், அக்கினி வலம் வராமல், மாலை மாற்றிக்கொண்டு நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் பல பத்தாண்டுகள் ஏற்கவில்லை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. மணமக்கள் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு மணமே ஆகவில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு படிவம் அனுப்பி, 'ஐயர் இல்லாத கல்யாணம் கல்யாணமா?' என்று கேட்டிருந்தால் எத்தனை சதவீதம் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா யாரிடமும் கருத்துக் கேட்பு நடத்தவில்லை. சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், நிறைவேற்றினார். அதுவரை நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அந்தச் சட்டத்தால் செல்லுபடியாகின.

அன்புடன்,
உங்கள் சிட்னிக்காரன்