சோழகத்தை எதிர்க்கும் படகும் சோழகத்தோடு போகும் கப்பலும்

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ஏறும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்கும் இடம் ரிவர்ஸ்டன். அங்கு போய்த் திரும்பியவர்கள் அருவிகளைப் பற்றிச் சொல்வதைவிடக் காற்றைப் பற்றியே அதிகம் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக் காற்று பலமாக வீசும் மாதங்களில் அந்தக் கணவாயில் நிமிர்ந்து நிற்பதே கடினம். அங்குள்ள மரங்கள் குட்டையாகிப் போனதற்கும் காற்று ஒரு காரணம். வடக்கே சோழகம் என்று பெயர் பெற்ற இந்தக் காற்று, மலையில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிழக்குச் சமவெளியில் வறண்ட கச்சானாக இறங்கித் திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. கடலே தெரியாத மலையில் இருந்துகொண்டு பாய்க்கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் வாசகர்களுக்கு இதுவே என் விடை.

ரிவர்ஸ்டனில் காற்றை முதுகில் வாங்கி நடப்பவர் தள்ளிக்கொண்டு போகப்படுகிறார். எதிர்த்து நடப்பவர் உடலைச் சாய்த்து, குறுக்கும் நெடுக்குமாக அடியெடுத்து வைக்கிறார். பழைய பாய்க்கப்பலுக்கும் புதிய பாய்ப்படகுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இதுதான். பருமல்களில் சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 65 பாகைக்கு மேல் நெருங்க முடியாது. ஆகவே அது பருவத்துக்காகக் காத்திருந்தது. இன்றைய பந்தயப் படகு 40 பாகை அளவுக்கு நெருங்கிச் செல்கிறது. அதற்குக் காத்திருக்கும் தேவை குறைவு.

இந்த இரண்டையும் தம் வாழ்நாளில் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் உண்டு. அவருடைய கதையில் நம்மவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1928இல் பெர்முடா பந்தயத்தில் கலந்துகொண்டு, அங்கிருந்தே உலகைச் சுற்றப் புறப்பட்டார். படகின் பெயர் 'ஸ்வாப்'. நீளம் சுமார் 32 அடி. ஜோன் ஆல்டன் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் படைப்பு. பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஏற்ற, அக்காலத்தின் நவீன படகு அது. 1931இல் அவர் நாடு திரும்பினார்.

அதே மனிதர் சில ஆண்டுகள் கழித்து இலங்கையில் விரும்பி வாங்கியது, வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'யை. ஏறத்தாழ 90 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள், முன்மரத்தில் சதுரப் பாய்கள். வயதில் 'ஸ்வாப்'பைவிட இளையது. வடிவத்தில் ஒரு நூற்றாண்டு மூத்தது. சரக்கேற்றுவதற்காக நம் மேஸ்திரிமார் கட்டிய கப்பல், 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற புதுப்பெயரோடு, வல்வெட்டித்துறை மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு சூயஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

சிறந்த நவீன படகில் உலகையே சுற்றியவருக்கு இந்தப் பழைய வடிவத்தில் என்ன இருந்தது? கடலில் மாதக்கணக்கில் வாழ்பவருக்கு வேகம் ஒரு தேவை மட்டுமே. நீண்ட ஏராவுடைய கப்பல், சுக்கானை ஓயாமல் பிடித்திராவிட்டாலும் திசை பிறழாது. ஏராவின் மறைவில் சுக்கான் இருப்பதால் பாறையில் மோதினாலும் எளிதில் உடையாது. மரத்தில் பழுது வந்தால் வாய்ச்சியும் உளியும் உள்ள எந்தத் துறையிலும் சரிசெய்யலாம். புதிய படகின் அடியில் ஒடுங்கிய தகடு ஒன்றும் அதன் நுனியில் ஈயக் குண்டும் தொங்கும். அது சட்டெனத் திரும்பும், விரைந்து ஓடும். மோதினால் பழுது பெரிது.

பத்திரிகைகளுக்கு வேகம் பிடிக்கும். எண்ணைப் போட்டுத் தலைப்பெழுதலாம். சார்லி டாலின் 2025 ஜனவரியில் வெண்டே குளோப் பந்தயத்தில் 64 நாள்களில் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். தனியாக, எங்கும் நில்லாமல் முதன்முதலில் சுற்றி வந்த ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டனுக்கு 1968-69இல் 312 நாள்கள் தேவைப்பட்டன. ஆனால் அந்த 312க்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் புறப்பட்டவர் 9 பேர். முடித்தவர் அவர் ஒருவரே. அவருடைய 'சுஹைலி', பழைய வடிவத்தைப் பின்பற்றிப் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. நடுக்கடலில் நீர் கசிந்தபோது அவரே நீருக்குள் இறங்கிப் பலகை இடுக்கில் பஞ்சடைத்துக் கலப்பற்றுச் செய்தார். வேகமான டிரைமரனில் வந்த நைஜல் டெட்லி, முடிவை நெருங்கிய நிலையில் படகு சிதைந்து கைவிட நேர்ந்தது. பந்தயத்திலும்கூட, கரை சேர்ந்த பிறகே வேகத்துக்கு மதிப்பு.

அதற்காகப் பழையதே சிறந்தது என்று தீர்ப்பெழுதிவிடவும் இயலாது. காற்று எதிர்த்து அடிக்கும்போது கரையை விட்டு விலகிச் செல்ல முடியாமல் அழிந்த சதுரப் பாய்க் கப்பல்கள் கணக்கற்றவை. ராபின்சனும் பழமையோடு நின்றுவிடவில்லை. 1942இல் தாமே கட்டிய 'வருவா'வுக்கு, அமெரிக்கக் கோப்பைப் பந்தயப் படகுகளை வடிவமைத்த ஸ்டார்லிங் பர்ஜெஸ்ஸைத் துணையாகக் கொண்டார். உடல் பந்தயக்காரர் வகுத்த புதிய உடல். முன்மரத்தில் 'அன்னபூரணி'யில் இருந்ததைப் போன்ற சதுரப் பாய்கள். அந்தப் படகில்தான் அவர் தென்கடலின் கடும் புயலைக் கடந்தார். ஒப்பீட்டுக்கு இதைவிட நேர்மையான முடிவை எந்த வடிவமைப்பாளரும் எழுதியதாக நான் அறியேன்.

பழையதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுப்பதற்குப் பழையது கண்முன் இருக்க வேண்டும். 'அன்னபூரணி' சென்றடைந்த குளொஸ்டரில், 1926இல் கட்டிய 'அட்வெஞ்சர்' என்ற மீன்பிடிப் பாய்க்கப்பலை அவ்வூரார் காத்து வைத்திருக்கிறார்கள். 1938 அக்டோபரில் அதே கடலில் நடந்த மீனவர் கோப்பையை வென்ற 'புளூநோஸ்' கனடாக்காரரின் பெருமை. மீனும் பிடித்துப் பந்தயமும் ஓடிய கப்பல் அது. கனடாவின் 10 சத நாணயத்தில் 1937 முதல் இருப்பது அதன் உருவமே. ரொறன்ரோவில் வாழும் வல்வெட்டித்துறையார் பலரின் சட்டைப்பையில் அந்த நாணயம் கிடக்கும். எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டும்போது, இதைப் போன்ற ஒன்றை நம் ஊரிலும் கட்டினார்கள், அதுவும் இதே அத்திலாந்திக்கைக் கடந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்.