கட்டற்ற மென்பொருளும் குளக்கட்டும்

திரியாய்க் குளத்து நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் நான். மாரிக்கு முன்னர் வயற்காரர் யாவரும் தத்தம் காணியின் பரப்புக்கேற்பக் குளக்கட்டுக்கு மண் சுமத்தல் எம்மூர் வழக்காயிருந்தது. வட்டவிதானையாரின் கணக்கில் எவர்க்கும் விலக்கில்லை. கணினித்துறையிற் புகுந்தபின் அக்கணக்கை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய, இலங்கைக் கணினியாளர் கூலி கருதாது 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இத்தகையதையே கட்டற்ற மென்பொருள் என்பர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது கைகொடுத்தது. சுவீடன் அரசின் உதவி நிறுவனம் பொருள் நல்கவே மேலும் செப்பமுற்றது.

எனினும் இத்தகைய நன்கொடை இடர் வந்தபோது பொழியும்; இடர் மறந்தபின் ஓயும். மென்பொருளோ ஆண்டுதோறும் பழுதுபார்க்க வேண்டுவது. இணையவழிச் செய்திகளைப் பிறர் படியாவண்ணம் காக்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' உலகின் பெருவணிகர் பலர்க்குப் பயன்பட்டது. அதற்குக் கிடைத்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. 2014இல் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெரும் பழுது வெளிப்பட்டது. அதன் பின்னரே கூகிள், மைக்ரோசொப்ட் முதலிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பொதுநிதிக்குப் பங்களித்தன. உடைப்பெடுத்த பிறகு மண் சுமந்த கதை!

நம் பழைய மாணவருள் இன்று நிறுவனம் நடத்துவோர் உளர். தம் அலுவலகம் எந்தெந்தக் கட்டற்ற மென்பொருளால் இயங்குகின்றதென்று அவர்கள் ஒருமுறை விசாரித்தல் வேண்டும். பயனின் அளவுக்கேற்பப் பணமாகவேனும், பணியாளரின் உழைப்பாகவேனும் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஒதுக்கினால், நம் மாணவர் சிலர்க்கு இத்துறையிற் சம்பளமுள்ள வேலையும் கிட்டும்.